ஒரே மீன் நான்கு முறை தப்பவில்லை

கடலூர் முகத்துவாரத்தில் கொட்டியிருக்கும் கற்களின் மேல் நின்று தூண்டில் போடுகிறீர்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து நான்கு முறை ஏதோ ஒரு பெரிய மீன் மாட்டி, நான்கு முறையும் முகம் காட்டாமல் போய்விட்டது. பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் கொடுவா என்கிறார், ஒருவர் பாறை மீன் என்கிறார், இன்னொருவர் சுறாக்குட்டி என்று முடித்தேவிட்டார். "இது என்ன மீன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: ஏன் கரைக்கு வரமாட்டேன் என்கிறது? இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். ஏனென்றால் கண்ணால் பார்க்காத மீனை அடையாளம் காண மிஞ்சியிருக்கும் தடயம், அது தப்பித்த விதம்தான்.

நீங்கள் எழுதியதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். நான்கு முறையும் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் லைன்), அதன் நுனியில் ஹூக்கைக் கட்ட 40 பவுண்டு நைலான் லீடர். முதல் முறை, பொழுது சாயும் நேரத்தில் உயிர் மடவை இரை. ஒரே நேர்கோட்டில் 70 மீட்டர் போலப் பிய்த்துக்கொண்டு ஓடி, சட்டென்று கை வெறுமையானது. லீடர் சாய்வாக, சவர பிளேடு வைத்த மாதிரி அறுந்திருந்தது. இரண்டாம் முறை, இருட்டிய பிறகு, அதே இரை. தண்ணீருக்கு மேல் ஒரு பெரிய சத்தம், தலையை உதறுவது கையில் தெரிந்தது, ஹூக் கழன்றது. லீடரின் கடைசிச் சாண் நீளம் சொரசொரப்பாக இருந்தது. மூன்றாம் முறை, வெட்டிய சாளைத் துண்டு தரையில் கிடந்தபோது, கல்லைக் கட்டி இழுப்பது போன்ற கனம். இருபது நிமிடம் போராடி, கடைசியில் லைன் அறுந்தது. நான்காம் முறை, விடியற்காலையில் லூர் (செயற்கை இரை) போட்டபோது மாட்டியது கற்களை நோக்கி இறங்கி இழுத்து, மும்முனை ஹூக்கில் ஒரு முனையை விரித்துவிட்டுப் போனது.

இந்த நான்கையும் ஒரே மீனின் கணக்கில் எழுதியதில்தான் குழப்பமே. ஒரே இடம், ஒரே பருவம், ஒரே ஏமாற்றம் என்பதால் ஒரே மீன் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. என் கணிப்பில் இங்கே குறைந்தது மூன்று வகை மீன்கள் இருக்கின்றன. மூன்றாவது சம்பவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலாவதில் குடும்பத்தைச் சொல்ல முடியும். இரண்டாவதில் பத்துக்கு எட்டு என்று பந்தயம் கட்டலாம். நான்காவது உண்மையிலேயே இழுபறி.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். அது திருக்கை. தரையில் கிடந்த துண்டு இரை, ஓட்டம் இல்லாத கனம், அசையாமல் கிடந்து பிறகு மெதுவாக நகர்ந்து மறுபடி ஒட்டிக்கொள்வது, எல்லாமே அதற்குப் பொருந்துகின்றன. திருக்கை தட்டையான உடம்பைத் தரையோடு அழுத்தி, பல்லி போல ஒட்டிக்கொள்ளும். இழுவையை எதிர்ப்பது அதன் சதை பலம் மட்டுமில்லை, அடியில் விழும் உறிஞ்சலும்தான். நகரும்போது செட்டை அடிப்பது மெதுவான, அகலமான துடிப்பாக ராடில் (தூண்டில் கம்பில்) தெரியும். உழுவை என்ற தட்டை மீனும் ஏறக்குறைய இப்படித்தான் செய்யும், ஆனால் அது கொஞ்சம் ஓடும். களவா மீனாக இருந்திருந்தால் மாட்டிய முதல் இரண்டு மூன்று நொடியிலேயே கல் பொந்துக்குள் புகுந்திருக்கும். அதன் பிறகு நகரவே நகராது. அடுத்த முறை இப்படி மாட்டினால் ராடை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். கற்களின் மேல் பத்து இருபது அடி பக்கவாட்டில் நகர்ந்து கோணத்தை மாற்றுங்கள், விறைத்த லைனை வீணைக் கம்பி போல விரலால் சுண்டுங்கள். அந்த அதிர்வில் திருக்கை தரையை விட்டு எழும். எழுந்த நொடியில் சுற்ற வேண்டும்.

இனி முதலாவது. சாய்வான, பிசிறில்லாத வெட்டு என்றால் பல். கல்லோ, சிப்பியோ, கல்லில் ஒட்டியிருக்கும் கொட்டலசோ நைலானை இப்படி அறுக்காது. நம் கரையில் இப்படி அறுக்கக்கூடியவை ஷீலா, வஞ்சிரம், முள்ளுவாளை, சாவாளை, பேத்தை. இதில் பேத்தை 70 மீட்டர் ஓடாது. சாவாளையும் முள்ளுவாளையும் இரையைக் கீறும், கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். மிச்சம் ஷீலாவும் வஞ்சிரமும். வஞ்சிரத்துக்கு முக்கோணமான, தட்டையான, நெருக்கமாக அடுக்கிய பற்கள். கத்தரிக்கோல் போல வெட்டும். ஷீலாவுக்கு நீளம் ஒழுங்கில்லாத கோரைப் பற்கள், குத்திக் கிழிக்கும். லீடரை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, பிரித்துச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஓட்டம் கொஞ்சம் உதவும். வஞ்சிரத்தின் முதல் ஓட்டம் நீளமானது, நூறு மீட்டர் போனாலும் ஆச்சரியமில்லை. ஷீலா அதே வேகத்தில் தொடங்கும், சீக்கிரம் களைத்துவிடும். 70 மீட்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் இடமும் தண்ணீரும் ஷீலாவின் பக்கம் சாய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும்போது வஞ்சிரம் தெளிந்த கடல் நீரைத் தேடி வெளியே போய்விடும். ஷீலா முகத்துவாரத்துக்குள்ளும் மடவையைத் துரத்தி வரும். ஆகவே ஷீலா என்று வைத்துக்கொண்டு, வஞ்சிரத்துக்கு ஒரு சின்ன இடம் விட்டுவைப்பேன். சுறாக்குட்டி என்ற கட்சிக்கு ஒரு பதில்: சுறாவின் தோல் உப்புத்தாள். அது அறுத்திருந்தால் வெட்டுக்கு மேலே ஒரு மீட்டர் வரைக்குமாவது லீடர் தேய்ந்து வெளுத்திருக்கும். உங்கள் லீடர் வெட்டு வரைக்கும் வழவழப்பாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது கொடுவா. கொடுவாவின் வாயில் கோரைப் பல் கிடையாது. தாடையில் மிகச் சின்னப் பற்கள் பட்டையாக அடர்ந்திருக்கும், விரலால் தடவினால் அரம் போல இருக்கும். அதோடு செவுள் மூடியின் ஓரம் வாள் பல் போல அரிந்திருக்கும், அதில் ஒரு முள்ளும் உண்டு. அதனால் கொடுவா லீடரை ஒரே கடியில் அறுப்பதில்லை, தலையை உதறி உதறித் தேய்க்கிறது. தேய்மானம் ஹூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அடங்கியிருக்கும், லீடரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கும். கல்லில் உரசிய லீடர் வேறு மாதிரி: ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, அங்கங்கே விட்டு விட்டு, நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். உங்களுடையது முதல் வகை. இருட்டில் நீருக்கு மேல் வந்து தலையை உதறியதும் கொடுவாவின் பழக்கம்தான். வாயையும் செவுளையும் விரித்துக்கொண்டு எழும்பும்போது ஹூக் பறந்துவிடும். கட்டா மீனும் குதிக்கும், ஆனால் அது பகல் ஆள், நீர்ப்பரப்பில் திரும்பத் திரும்பத் துள்ளும், லீடரை இப்படித் தேய்க்காது. பருவமும் கொடுவாவுக்குச் சாதகம். மழை வெள்ளம் இறாலையும் மடவையையும் உப்பங்கழியிலிருந்து வெளியே தள்ளும்போது, கலங்கல் நீரும் கடல் நீரும் சந்திக்கும் கோட்டில் அது காத்திருக்கும். மீதி இரண்டு பங்குச் சந்தேகம் எதற்கென்றால், சத்தத்தைக் கேட்டீர்களே தவிர மீனைப் பார்க்கவில்லை.

நான்காவதில் நான் தயங்குகிறேன். குதிக்கவில்லை, தலையைக் கீழே வைத்து இழுத்தது, கற்களை நோக்கிப் போனது என்பதெல்லாம் பாறை மீனின் குணம். அது பக்கவாட்டில் உடம்பைக் காட்டி, வாலை விடாமல் அடித்து இழுக்கும். ராடில் 'தட் தட் தட்' என்று சீரான துடிப்பு தெரியும். அந்தத் துடிப்பு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் பாறை என்று சொல்லிவிடுவேன். இல்லாமல், இழுத்து நின்று, நின்று இழுத்தது என்றால் செப்பிலி மீனாகவோ, குதிக்காத கொடுவாவாகவோ இருக்கலாம். கொடுவா எப்போதும் குதித்தே தீரும் என்ற விதி கிடையாது. விரிந்த ஹூக் எதையும் நிரூபிக்காது. மும்முனை ஹூக்கில் ஒரு முனை மீனின் வாயிலும் இன்னொரு முனை தாடை எலும்பின் மேலும் அமர்ந்தால், ஒன்று மற்றதற்கு நெம்புகோலாகிவிடும். மூன்று கிலோ மீன்கூடக் கடையில் லூரோடு வரும் மெல்லிய ஹூக்கை விரித்துவிடும். அதை வைத்து மீனின் எடையைக் கணக்கிடாதீர்கள்.

மீனைக் குற்றம் சொல்வதற்கு முன் உங்கள் கருவியை ஒரு முறை சோதித்துவிடுங்கள். அறுந்த முனை பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. கட்டும்போது எச்சில் தொட்டு நனைக்காமல் இறுக்கியிருப்பீர்கள், சூட்டில் நைலான் பலவீனமாகியிருக்கும். முனை மெலிந்து இழுபட்டிருந்தால் டிராக் (லைனை விட்டுக்கொடுக்க ரீலில் வைக்கும் இறுக்கம்) அதிகம். பிரெய்டு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அறுந்தால் ராடின் வளையங்களில் ஒன்றில் விரிசல் இருக்கலாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள், இழை மாட்டும் வளையம்தான் குற்றவாளி. டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து வைப்பது வேலைக்கு ஆகாது. கைத்தராசைக் கட்டி, ராடு வளைந்த நிலையில் அளந்து, லைனின் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 30 பவுண்டு என்பது சுமார் 13.6 கிலோ. ஆக மூன்றரை கிலோ, மிஞ்சினால் நான்கு.

லீடரைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் கடலில் எறிந்துவிடுகிறார்கள்: மிஞ்சி வந்த இரை. மடவை தலைக்குப் பின்னால் சாய்வாக வெட்டுப்பட்டுத் தலை மட்டும் ஹூக்கில் வந்தால் ஷீலாவோ வஞ்சிரமோ. அப்படி வெட்டிவிட்டுப் போனது பெரும்பாலும் மீதித் துண்டை எடுக்கத் திரும்பி வரும், அதனால் தலையை உடனே சுற்றி எடுக்காமல் ஒரு நிமிடம் விட்டுவையுங்கள். இரை முழுசாக இருந்து, செதில் மட்டும் பக்கவாட்டில் உதிர்ந்து, நசுங்கியிருந்தால் கொடுவாவோ பாறையோ வாயில் போட்டுத் துப்பியிருக்கிறது. அரை வட்டமாக, பிஸ்கட் கடித்தது போல இருந்தால் பேத்தை. அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது, இருக்கிற ஹூக்கையெல்லாம் தீர்த்துவிடும். வயிறு மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தால் நண்டு. ஹூக்கில் ஒரு செதில் வந்தால் அதிர்ஷ்டம்தான்: மீன் வாயில் மாட்டாமல் உடம்பில் மாட்டியிருந்தது என்றும் தெரியும், எந்த மீன் என்றும் ஓரளவு தெரியும். பெரிய செதிலாக, பின் ஓரம் விரலில் உரசுவதாக இருந்தால் கொடுவாவுக்குப் பொருந்தும். வழவழப்பான வெள்ளிச் செதில் என்றால் பால்மீன் என்று வேறு பக்கம் தேட வேண்டும். செதிலே இல்லாமல் லீடர் முழுக்கக் கொழகொழவென்று சளி படிந்திருந்தால் கெளுத்தி.

விசாரிப்பதில் ஒரு எச்சரிக்கை. காலையில் ஏலக்கூடத்துக்குப் போய் முந்தின இரவு முகத்துவாரத்து வலையில் என்ன விழுந்தது என்று பார்ப்பதைப்போல நல்ல வழி கிடையாது. ஆனால் பெயரைக் கேட்டு நம்பாதீர்கள், மீனைப் பாருங்கள். சென்னைப் பக்கம் ஷீலா என்றால் நீண்ட வாயும் கோரைப் பல்லும் உள்ள மீன்; தூத்துக்குடிப் பக்கம் அதை ஊளி என்பார்கள், அங்கே சீலா என்று சொன்னால் வஞ்சிரம். இணையத்தில் பாதிச் சண்டை இந்தப் பெயரால்தான் நடக்கிறது. உடம்பில் குறுக்குக் கோடு இருப்பதை வைத்தும் பிரிக்க முடியாது, இரண்டிலுமே கோடு உண்டு. முதுகுச் செட்டைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் தனித்தனியாக நின்றால் ஷீலா. வாலுக்கு முன்னால் மேலும் கீழும் சின்னச் சின்னச் செட்டைகள் வரிசையாக இருந்தால் வஞ்சிரம்.

அடுத்த முறைக்கு என்ன கட்டுவது? ஒரே கட்டில் எல்லா மீனையும் பிடிக்க நினைப்பதுதான் உங்கள் இழப்புக்குப் பாதிக் காரணம். இரண்டு ராடு இருந்தால் இரண்டு விதமாகக் கட்டுங்கள். ஒன்றில் 60 அல்லது 80 பவுண்டு நைலான் லீடர் ஒன்றரை மீட்டர். 60 பவுண்டு என்பது சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன், கொடுவாவின் அரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். உங்கள் 40 பவுண்டு லீடர் இந்த வேலைக்கு மெல்லிசு. இன்னொன்றில் அதே லீடரின் நுனியில் ஸ்விவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு) போட்டு, 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏழு இழை ஸ்டீல் வயர். வயர் போட்டால் கடி குறையும், அதுவும் தண்ணீர் தெளிந்திருந்தால் நன்றாகவே குறையும்; அதனால்தான் இரண்டிலும் வயர் வேண்டாம் என்கிறேன். எந்த ராடில் கடி வருகிறது, எதில் அறுபடுகிறது என்பதே சில வாரங்களில் உங்களுக்கு விடை சொல்லிவிடும். பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு. அது கைவராவிட்டால் இரட்டை யூனி முடிச்சு போதும், ராடின் வளையத்தில் கொஞ்சம் தட்டும், அவ்வளவுதான்.

ஒரு சாண் நீள மடவைக்கு 6/0 அல்லது 7/0 அளவு ஒற்றை ஹூக், தடித்த கம்பியில். மூக்கின் வழியாகக் குத்தினால் நீரோட்டத்தில் இரை நேராக நிற்கும். முதுகுச் செட்டைக்குப் பின்னால் குத்தினால் அதிகம் துடிக்கும், ஆனால் வீசும்போது கழன்று போகும். கொடுவாவின் வாய் எலும்பு, மழுங்கிய முனை அதில் ஏறாது. கட்டைவிரல் நகத்தின் மேல் ஹூக் முனையை லேசாக இழுத்துப் பாருங்கள்: மாட்டினால் கூர், வழுக்கினால் மாற்றுங்கள். முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக் போட்டிருந்தால் சுண்டி இழுக்கவே கூடாது, ராடு தானாக வளையும் வரை விட்டு, பிறகு சுற்றத் தொடங்க வேண்டும். பழக்கதோஷத்தில் சுண்டுவதால் இரை வாயிலிருந்து பிடுங்கப்படுவதுதான் அதிகம். லூரில் வரும் மும்முனை ஹூக்குகளைக் கழற்றி, தடித்த ஒற்றை ஹூக்காக மாற்றிவிட்டால் நான்காவது சம்பவம் திரும்ப நடப்பதற்கு வாய்ப்புக் குறைவு. மீன் மேலே எழும்பும்போது ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். உயர்த்திப் பிடித்தால் நீங்களே அதற்குக் குதிக்கக் கற்றுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

ஓட்டத்தின் நீளத்தை 70 மீட்டர் 'போல' என்று எழுதியிருக்கிறீர்கள். இருட்டில், பதற்றத்தில், முப்பது மீட்டரும் எழுபதாகத் தெரியும். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பிரெய்டு கிடைக்கிறது. இல்லாவிட்டால் பெர்மனென்ட் மார்க்கரால் பத்து மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். எத்தனை கோடு போனது, நின்று போனதா நிற்காமல் போனதா, துடிப்பு இருந்ததா, இந்த மூன்றையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். கூடவே நீர் ஏற்றமா வற்றமா, தெளிவா கலங்கலா என்பதையும்.

இரவில் மீன் கிட்டே வந்துவிட்டால் தலைவிளக்கை ஒரு நொடி அதன் மேல் அடியுங்கள். கண் தணல் போலச் சிவந்து ஒளிர்ந்தால் கொடுவா, அதோடு விவாதம் முடிந்தது. கண் தெரியாவிட்டால் வாலைப் பாருங்கள். வட்டமாக விசிறி போல இருந்தால் கொடுவா அல்லது களவா. கவட்டை போலப் பிளந்திருந்தால் பாறை, ஷீலா, வஞ்சிரம், கட்டா. பழுப்பு நிறத்தில், தட்டைத் தலையோடு, சுறா மாதிரியே நீந்தி வந்தால் அது கடல் விரால். மாட்டிய பிறகும் சாதுவாகக் கரை வரைக்கும் வந்துவிட்டு, ஆளைப் பார்த்ததும் வெறி பிடித்துத் திரும்பும், அந்த நேரத்தில் டிராக் இறுகியிருந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும்.

கரையேற்ற நீண்ட கைப்பிடி உள்ள வலை வேண்டும். கற்களில் கீழே இறங்கி லீடரைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. ஐப்பசி கார்த்திகையில் ஏழெட்டு அலைக்கு ஒருமுறை வரும் பெரிய அலை ஆளையே எடுத்துவிடும். கொடுவாவைச் செவுளில் கைவிட்டுத் தூக்கினால் விரல் கிழியும், கீழ்த்தாடையைப் பிடியுங்கள். கொடுவா ஆணாகத் தொடங்கி வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன், பெரியவை அநேகமாகச் சினைக்காரிகள். படம் எடுத்துவிட்டுத் திருப்பி விட்டால் முகத்துவாரத்துக்கு நல்லது, அது உங்கள் விருப்பம். திருக்கை வந்தால் வால் பக்கம் போகாமல் லீடரை வெட்டிவிடுங்கள். வால் முள்ளோ கெளுத்தியின் முள்ளோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காயத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்து, பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரம்பம் போன்ற மூக்கோடு வேளா வந்தால் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உயிர். கரைக்கு ஏற்றாமல், தண்ணீரில் இருக்கும்போதே லீடரை அறுத்து அதை விட்டுவிடுங்கள்.

நான்காவது முறை பயன்படுத்திய லீடரை இன்னும் வைத்திருந்தால், கடைசி அரை மீட்டரைக் கறுப்புத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசோடு படமெடுத்துப் போடுங்கள். தேய்மானம் ஒரு பக்கமா, சுற்றியும் இருக்கிறதா என்று தெரிந்தால், பாறையா கொடுவாவா என்ற இழுபறியில் இன்னும் ஓரடி முன்னே போகலாம்.